வீரர் சரக்கல்ல: டிராஃப்ட் மேசையும் பொதுத்துறைத் தராசும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கிழக்கு விளிம்பில், குமரி மாவட்ட எல்லையை ஒட்டிக் கிடக்கும் மலையூர் அம்பூரி. பாறசாலை சட்டமன்றத் தொகுதிக்கு உட்பட்ட இவ்வூரில் ரப்பர் மரங்களே பெரும்பாலான குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. நெய்யாறு நீர்த்தேக்கத்திற்கு அப்பால் காணி மக்களின் குடியிருப்புகள் உள்ளன. இங்கே பால்வடிப்புத் தொழிலாளி ஒருவரின் மகள், பதினான்கு வயதில் ஆறடியை நெருங்கும் உயரத்தோடு பள்ளி முற்றத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள் எனக் கொள்க. அவளுடைய திறனை மதிப்பிடப்போவது யார்? எந்தத் தராசில்? யாருடைய ஆதாயத்திற்காக?

இக்கேள்விக்கு இன்று இந்தியாவில் இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, ரயில்வேயும் மின் வாரியமும் பல பத்தாண்டுகளாக வைத்திருக்கும் பழைய தராசு. மற்றொன்று, அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாகும் டிராஃப்ட் மேசை. இந்தியக் கூடைப்பந்து தொழில்முறை லீக் வழியே உயர வேண்டும் என்றும், கல்லூரி வீரர்களை உரிமைக் குழுக்கள் வரிசையிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறையே திறமைக்கு உரிய மரியாதை என்றும் விளையாட்டு வணிகர்கள் ஓயாது ஓதுகின்றனர். இவ்வாதம் பாதி உண்மையை மட்டுமே சொல்கிறது. மறைக்கப்படும் மறுபாதியைத் தொழிலாளி வர்க்கப் பார்வையில் எடுத்துரைப்பது அவசியம்.

சிகாகோவின் அளவுநாடா

அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான என்.பி.ஏ.வின் டிராஃப்ட் 1947இல் தொடங்கியது. கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் இளைஞர்களை 30 குழுக்களும் இரண்டு சுற்றுகளில் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு இது. அதற்கு முன்னதாக, மே மாதத்தில் சிகாகோவில் அளவீட்டு முகாம் நடைபெறுகிறது. காலணியின்றி உயரம், விரித்த கைகளின் நீளம், உள்ளங்கையின் அகலம், உடற்கொழுப்பின் விகிதம், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு குதிக்க முடியும், எத்தனை நொடியில் ஓட முடியும் என அனைத்தும் அளந்து பதியப்படுகின்றன. மருத்துவப் பரிசோதனை முடிவுகள் குழு நிர்வாகங்களின் கைக்குப் போகின்றன. பிறகு ஊடகங்கள் பல வாரங்களுக்கு யார் எத்தனையாவது இடம் என்று பட்டியலிட்டுக் கொண்டாடுகின்றன.

இந்த மதிப்பீடு அறிவியல் எனக் காட்டப்படுகிறது. அதன் வரலாறோ வேறு கதை சொல்கிறது. 2007ஆம் ஆண்டு முகாமில் 185 பவுண்டு எடையை ஒரு முறைகூடத் தூக்க இயலாதவர் என்று எள்ளப்பட்ட கெவின் டுராண்ட், பின்னாளில் அந்த ஆட்டத்தின் தலைசிறந்த புள்ளிக் குவிப்பாளர்களுள் ஒருவரானார். 2014இல் 41ஆவது இடத்திற்குத் தள்ளப்பட்ட செர்பியாவின் நிக்கோலா யோக்கிச், 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான விருதைப் பெற்றார். 2016இல் எவராலும் தேர்ந்தெடுக்கப்படாத ஃபிரெட் வான்விளீட், மூன்றே ஆண்டுகளில் டொராண்டோ அணியின் பட்ட வெற்றியில் முதன்மைப் பங்காற்றினார். இப்படிப்பட்ட பிழைகள் ஆண்டுதோறும் நேர்ந்தும் அம்மேசை அசையாமல் நிற்பதற்குக் காரணம் உண்டு.

திறனைக் கண்டறிவது டிராஃப்டின் ஒரு வேலை மட்டுமே. கூலியைக் கட்டுக்குள் வைப்பது அதன் மற்றொரு வேலை. தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர் வேறெந்தக் குழுவுடனும் பேரம் பேச இயலாது. 1995 முதல் முதற்சுற்று வீரர்களின் தொடக்க ஊதியம் அவர்களது வரிசை எண்ணுக்கு ஏற்ப முன்கூட்டியே வரையறுக்கப்பட்டுள்ளது. இரண்டாம் சுற்றில் தேர்வானவருக்கு ஊதிய உத்தரவாதமே கிடையாது. பல முதலாளிகள் ஒரே தொழிலாளியை வேலைக்கு அழைத்தால் கூலி ஏறும். முதலாளிகள் கூடி, இவரை நீ எடுத்துக்கொள், அவரை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று பங்கிட்டுக்கொண்டால் கூலி ஏறாது. இந்த எளிய கணக்கின் மீது ஒளிவிளக்குகளும் மேடையும் அமைத்தால் அதுவே டிராஃப்ட்.

கூலியில்லா ஆலை

அம்மேசைக்கு வீரர்களை உருவாக்கித் தருபவை அமெரிக்கக் கல்லூரிகள். ஆடவர் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமை மட்டும் 2025 முதல் 2032 வரையிலான எட்டு ஆண்டுகளுக்கு 880 கோடி டாலருக்கு விற்கப்பட்டுள்ளது. இத்தனை பணத்தை ஈட்டித் தந்தவர்களுக்கு, அவர்கள் மாணவர்கள் என்ற காரணத்தைச் சொல்லி, நெடுங்காலம் கூலி மறுக்கப்பட்டது. பயிற்சியாளர்களுக்குக் கோடிகளும், ஓடி விழுந்து எலும்பு முறிந்தவர்களுக்குப் படிப்புதவியும் என்பதே நியாயமாகக் கருதப்பட்டது. இந்த ஆட்டத்தின் உச்சத்திற்கு வருவோரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். குழுக்களின் உரிமையாளர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்.

2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கல்லூரி விளையாட்டு அமைப்புக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கூலியைக் கூடிப் பேசி முடக்குவது வேறெந்தத் தொழிலிலும் சட்டவிரோதமாகவே கருதப்படும் என்று அந்த அமர்வின் பழமைவாத நீதிபதி ஒருவரே எழுத வேண்டியதாயிற்று. 2024 மார்ச் 5 அன்று டார்ட்மவுத் கல்லூரியின் ஆடவர் கூடைப்பந்து அணியினர் 13க்கு 2 என்ற வாக்குகளில் தொழிற்சங்கம் அமைக்க முடிவு செய்தனர். கல்லூரி நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு வர மறுத்தது. டிரம்ப் மீண்டும் பதவியேற்கவிருந்த சூழலில், பாதகமான முன்தீர்ப்பு ஏற்பட்டுவிடக் கூடாது எனக் கருதி, அவ்வாண்டின் இறுதி நாளில் மனு திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் அந்தப் பதினைந்து மாணவர்கள் எழுப்பிய கேள்வி அடங்கவில்லை. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கத் தொடங்கியுள்ளன.

சங்கம் இருந்த இடத்தில்

டிராஃப்டை ஆதரிப்போர் இரண்டு வாதங்களை முன்வைப்பர். பின்தங்கிய குழுக்களுக்குத் தேர்வு வரிசையில் முன்னுரிமை கிடைப்பதால் பணக்காரக் குழுக்கள் எல்லாத் திறமையையும் விழுங்க இயலாது என்பது முதல் வாதம். குழுக்களுக்கு இடையே சமநிலை வேண்டுமெனில் வருவாயைப் பகிர்ந்துகொள்வது உரிமையாளர்களின் பொறுப்பு. அந்தச் சமநிலையின் விலையை இருபது வயது இளைஞரின் கூலியிலிருந்து பிடித்துக்கொள்வது என்ன நியாயம்?

இரண்டாவது வாதம் வலுவானது. என்.பி.ஏ. வீரர்களின் சங்கமே இந்த ஏற்பாட்டுக்கு ஒப்புதல் தந்துள்ளது என்பர். உண்மைதான். அந்தச் சங்கம் அதற்கு ஈடாக எதைப் பெற்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1970இல் சங்கத் தலைவராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் லீக்கின் மீது வழக்குத் தொடுத்தார். ஆறாண்டுப் போராட்டத்திற்குப் பின் 1976இல் ஏற்பட்ட உடன்பாடு, ஒப்பந்தம் முடிந்த வீரர் வேறு குழுவுக்குச் செல்லும் உரிமைக்கு வழி திறந்தது. இன்று லீக்கின் கூடைப்பந்து வருவாயில் ஏறத்தாழச் சரிபாதி வீரர்களின் ஊதியத்திற்குச் செல்கிறது. ஓய்வூதியமும் மருத்துவக் காப்பும் நடுவர் முறையீட்டு உரிமையும் எழுத்தில் உள்ளன. இவை எந்த முதலாளியின் பெருந்தன்மையாலும் வந்தவையல்ல.

சங்கத்தின் பேர வலு குறைந்த இடத்தில் அதே டிராஃப்ட் எப்படி இருக்கும் என்பதற்குப் பெண்கள் லீக்கே சான்று. 2024இல் முதலிடத்தில் தேர்வான கெய்ட்லின் கிளார்க்கின் முதலாண்டு ஊதியம் 76,535 டாலர். ஆடவர் லீக்கில் முதலிடம் பெறுபவரின் முதலாண்டு ஊதியம் ஒரு கோடி டாலருக்கும் மேல். பெண்கள் லீக்கில் மகப்பேறு விடுப்புக் காலத்திற்கு முழு ஊதியம் என்ற உரிமையே 2020 ஒப்பந்தத்தில்தான் கிடைத்தது. 2025 ஜூலையில் நட்சத்திர ஆட்டத்தின்போது, தமக்குச் சேர வேண்டியதைத் தருமாறு கோரும் வாசகம் அச்சிட்ட சட்டைகளை அணிந்து அவ்வீராங்கனைகள் களமிறங்கியது தற்செயலன்று.

இந்தியாவுக்கு வந்தது மேசை மட்டும்

இந்தியாவுக்கு இறக்குமதியாவது இதில் எந்தப் பகுதி? 2010இல் இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் ஐ.எம்.ஜி. - ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 30 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒரு தேசிய விளையாட்டின் வணிக உரிமை ஒரு தலைமுறைக் காலத்திற்குக் கார்ப்பரேட் கையில் ஒப்படைக்கப்பட்டது. வரும் வரும் என்று சொல்லப்பட்ட தொழில்முறை லீக், அந்த ஒப்பந்தத்தின் கீழ் வரவே இல்லை.

அதே காலத்தில் பஞ்சாபின் பல்லோகே கிராமத்து விவசாயியின் மகன் சத்னாம் சிங், பதினான்கு வயதில் புளோரிடாவிலுள்ள ஐ.எம்.ஜி. பயிற்சியகத்திற்கு அனுப்பப்பட்டார். 2015 ஜூன் 25 அன்று டல்லாஸ் மேவரிக்ஸ் குழு 52ஆவது வீரராக அவரைத் தேர்ந்தெடுத்தபோது, நூறு கோடி மக்களின் சந்தை திறந்துவிட்டது என்று விளம்பர உலகம் ஆர்ப்பரித்தது. அவர் என்.பி.ஏ. லீக் ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. வளர்ச்சி லீக்கில் டெக்சாஸ் லெஜண்ட்ஸ் குழுவில் ஈராண்டு கழிந்தது. ஊக்கமருந்து விதிமீறலுக்காக 2020இல் ஈராண்டுத் தடையும் வந்தது. பின்னர் அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த மேடைக்குச் சென்றார். அவரது தவறுகள் அவருடையவை. அவரது உயரத்தைக் காட்டிச் சந்தையைத் திறந்தவர்கள் அவரது எதிர்காலத்திற்கு எந்தப் பொறுப்பும் ஏற்கவில்லை என்பது அவர்களுடைய குற்றம். ஏழடி இரண்டு அங்குலம் என்ற அளவுக்கு விலை இருந்தது; அந்த அளவுக்குள் இருந்த மனிதருக்கு உத்தரவாதம் இல்லை.

இது கூடைப்பந்துடன் நிற்கவில்லை. 2014இல் இந்திய வீரர்களுக்கு டிராஃப்ட் நடத்தித் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தின் நிலை என்ன? வணிகப் பங்காளியுடனான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத நிலையில் 2025 ஜூலையில் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி., சென்னையின் எஃப்.சி. உள்ளிட்ட குழுக்கள் வீரர்களின் ஊதியத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தன. நாட்டின் முதன்மையான லீக்கில் ஆடியவர்களுக்கே ஒரே அறிவிப்பில் அடுப்பு அணைந்தது. கூடைப்பந்திலும் இப்போது 25 வயதுக்குட்பட்டோருக்கென ஆறு குழுக்களைக் கொண்ட லீக் 2025 தொடக்கத்தில் அரங்கேறியிருக்கிறது. இளைஞர்கள் ஆடுவதற்கு அரங்கம் கிடைப்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் அவர்களுக்கென ஒரு கூட்டுப்பேர ஒப்பந்தம் இல்லை. அமெரிக்காவிலிருந்து அளவுநாடாவும் மேசையும் விமானத்தில் வந்து இறங்கிவிட்டன. ராபர்ட்சனின் சங்கம் மட்டும் சுங்கச் சாவடியிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது.

தெற்கு ரயில்வேயின் தராசு

இந்தியப் பெண்கள் கூடைப்பந்தின் பெருமைக்குரிய பெயர்களை எண்ணிப் பார்த்தால் வேறொரு பாதை தெரியும். கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்த கீது அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவில் ஆடினார். 2011இல் அமெரிக்கப் பெண்கள் லீக்கின் மூன்று குழுக்கள் அவரைத் தகுதித் தேர்வுக்கு அழைத்தன. இடம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த மறுப்பு அவரது வாழ்க்கையைச் சிதைக்கவில்லை. அவர் தெற்கு ரயில்வே ஊழியர்; திரும்பி வந்து ஆட ஒரு களமும் மாதச் சம்பளமும் அவருக்கு இருந்தன. 2014இல் அர்ஜுனா விருது பெற்றார். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரையும் தெற்கு ரயில்வே ஊழியரே. 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியப் போட்டித் தொடர்களில் ஆடிய அவருக்கு 2021இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. வயநாட்டின் பி.எஸ். ஜீனா கேரள மாநில மின் வாரியத்தின் ஊழியர்.

பதினாறு ஆண்டுகள் ஒரு பெண் நாட்டுக்காக ஆடுவதென்பது திறமையால் மட்டும் நடப்பதன்று. காயமுற்றால் சிகிச்சைக்கு ரயில்வே மருத்துவமனை, குழந்தை பெற்றால் 180 நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு, ஆட்டம் முடிந்த பின்னும் தொடரும் பணி ஆகியவை இருந்ததால்தான் அது நடந்தது. அமெரிக்கப் பெண்கள் லீக் 2020இல் எட்டிய உரிமையை இந்திய ரயில்வே ஊழியர் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பெற்றிருந்தார். அதைப் பெற்றுத் தந்தது தொழிற்சங்க இயக்கம்.

அங்கேயும் மதிப்பீடு உண்டு. ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டுத் தேர்வில் அங்கீகரிக்கப்பட்ட சாதனைகளுக்கு 50 மதிப்பெண், களத்தேர்வுக்கு 40, கல்வித் தகுதிக்கு 10 என விதி எழுத்தில் இருக்கிறது. எழுதப்பட்ட விதி மீறப்பட்டால் கேள்வி கேட்கலாம், தகவல் பெறலாம், வழக்கும் தொடரலாம். உரிமைக் குழுவின் மூடிய அறையில் இரவோடிரவாக மாறும் வரிசையைக் குறித்து எந்த நீதிமன்றத்தில் முறையிடுவது?

இந்தத் தராசு பழுதற்றது என்று எவரும் வாதிடத் தேவையில்லை. சிபாரிசும் முறைகேடும் பற்றிய புகார்கள் உண்டு. சம்மேளனங்களில் அரசியல்வாதிகளும் தொழிலதிபர்களும் நாற்காலியை விட்டு எழுவதில்லை. சான்றிதழ் உள்ளவருக்கே கதவு திறக்கும் என்ற விதி, போட்டிகளுக்குச் செல்லப் பணமில்லாத கிராமத்துப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. இப்பழுதுகளை நீக்கப் போராட வேண்டும். ஒன்றிய அரசோ பழுதைக் காட்டித் தராசையே உடைக்கிறது. பணியிடங்களை நிரப்பாமல் விட்டால் அவற்றில் ஒரு பங்கான விளையாட்டு ஒதுக்கீடும் தானே மறைந்துபோகும். நிரந்தரப் பணி ஒப்பந்தப் பணியாக மாறினால், ஒப்பந்ததாரர் எவரும் கூடைப்பந்து அணி வைத்திருக்கப் போவதில்லை. 2022இல் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டு, 2025இல் புதிய வரைவாக மீண்டும் வந்துள்ள மின்சாரத் திருத்த மசோதா, மின் விநியோகத்தைத் தனியாரிடம் ஒப்படைக்க வழிவகுக்கிறது. அதனால் அச்சுறுத்தப்படுவது மின்கட்டணம் மட்டுமன்று. மின் வாரியச் சீருடையில் களமிறங்கும் பெண்களின் வாழ்வும்தான். விளையாட்டுச் செய்தியையும் பொருளாதாரச் செய்தியையும் வெவ்வேறு பக்கங்களில் அச்சிடும் முதலாளித்துவ ஏடுகள் இந்தத் தொடர்பைச் சொல்வதில்லை.

2025 ஆகஸ்டில் நிறைவேற்றப்பட்ட தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், சம்மேளனங்களில் வீரர்கள் குழு அமைக்கச் சொல்கிறது. ஆலோசனை கூறும் குழு சங்கமாகிவிடாது. ஊதியத்தைப் பற்றிப் பேரம் பேசவும், தேவைப்பட்டால் ஆட மறுக்கவும் உரிமையுள்ள அமைப்பே சங்கம்.

அம்பூரியின் மகளுக்கு வேண்டியவை

டிராஃப்ட் மேசைக்கு அம்பூரி தெரியாது. அந்த மேசை, ஆடுகளமும் காலணியும் பயிற்சியாளரும் சத்துணவும் கிடைத்து வளர்ந்துவிட்ட உடலைத்தான் அளக்கும். அதை வளர்த்தெடுக்கும் செலவைப் பொதுமக்கள் ஏற்க வேண்டும். விளைந்ததை அறுவடை செய்ய மட்டும் உரிமைக் குழு வரும். அருவிக்கரைக்கு அருகே மயிலத்தில் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியும், காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியும் பொதுப்பணத்தில் நிற்பவை. ஊராட்சிக்கு ஒரு விளையாட்டுத் திடல் என்ற திட்டத்தைக் கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு கொண்டுவந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 50 பேருக்கு அரசுப் பணி என்ற நடைமுறையும் அம்மாநிலத்தில் உள்ளது. இவை போதுமானவை அல்ல. ஆனால் இந்தத் திசையே சரியானது. மலையடிவார ஊராட்சியில் திடல் அமைந்தால் போதாது. அங்கே நிரந்தரப் பணியில் ஒரு பயிற்சியாளரும், நீர்த்தேக்கத்தின் அக்கரையிலிருந்து வரும் காணிக் குழந்தைகளுக்குத் தங்க விடுதியும் வேண்டும்.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. எந்தத் தொழில்முறை லீக்கும் வீரரைத் தேர்ந்தெடுக்கும் முன், குறைந்தபட்ச ஊதியம், காயத்திற்கான முழுச் சிகிச்சை, மகப்பேறு உரிமை, லீக் நின்றுபோனாலும் தரப்பட வேண்டிய ஊதியத்திற்கு வைப்புத்தொகை ஆகியவை அடங்கிய பொது ஒப்பந்தத்தை வீரர்களின் சங்கத்துடன் பேசி வெளியிட வேண்டும். கல்லூரி அணிக்காக ஆடிக் காயமுறும் மாணவரின் படிப்பும் உதவித்தொகையும் தடையின்றித் தொடர உத்தரவாதம் வேண்டும். இளம் வீரர்களின் உடல் அளவுகளும் மருத்துவக் குறிப்புகளும் அவர்களின் ஒப்புதலின்றி எவருக்கும் விற்கப்படக் கூடாது. ரயில்வே, வங்கி, மின் வாரியம் ஆகியவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டு இடங்கள் ஆண்டுதோறும் நிரந்தரப் பணியாகவே நிரப்பப்பட வேண்டும். தேர்வு மதிப்பெண்கள் ஒவ்வொருவருக்கும் வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகளைக் கூடைப்பந்து வீரர்கள் மட்டும் தனித்து வென்றுவிட முடியாது. ரயில்வே தொழிலாளரும் மின் ஊழியரும் மாணவர் இயக்கமும் தம் போராட்டப் பட்டியலில் இவற்றைச் சேர்க்க வேண்டும். தனியார்மயத்தை எதிர்த்து மின் ஊழியர் வேலைநிறுத்தம் செய்யும் நாளில், அது தன் வேலைக்கான போராட்டமும்தான் என்று ஆடுகளத்தில் நிற்கும் பெண் உணர வேண்டும். அம்பூரியின் பள்ளி முற்றத்தில் நிற்கும் அந்தப் பெண்ணின் கைநீளத்தை அளக்க ஒருநாள் ஆள் வரக்கூடும். அதற்கு முன்பே அவள் பக்கத்தில் ஒரு சங்கமும், அவளுக்காக ஒரு பணியிடமும் காத்திருக்க வேண்டும். அந்த அளவெடுப்பு அவளுக்கு வாய்ப்பாகுமா, ஏலமாகுமா என்பதை இவ்விரண்டும்தான் தீர்மானிக்கும்.